நின்றது கணக்கு

"தம்பி, மறுபடியும் நிற்கிறது" என்று ஆச்சி தொலைபேசியில் சொன்னபோது நான் தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். 'நிற்கிறது' பழகிய புகார்தான். 'மறுபடியும்' என்பதுதான் சுருக்கென்று தைத்தது. தீபாவளிக்கு முந்தைய வாரம்தான் அந்தக் கோளாறைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்லிக் கூலி வாங்கியிருந்தேன். கூலிக்கு மேல் ஒரு டப்பா மணகோலமும் கொடுத்தனுப்பியிருந்தார். அதையும் தின்று தீர்த்தாகிவிட்டது.

ஆச்சியின் பலகாரக் கடை, காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் முன்பாதி. திண்ணையில் வாடிக்கையாளர்கள், முகப்பில் கல்லாவும் கணினியும், உள்முற்றமான வளவில் பொட்டலம் கட்டுகிறவர்கள், பின்கட்டில் அடுப்புகள். நான் சென்னையில் பன்னிரண்டு வருடம் சர்வர்களைக் காவல் காத்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். இப்போது இந்தப் பக்கத்துக் கடைகள், விடுதிகள், இரண்டு மூன்று ஆத்தங்குடிக் கல் பட்டறைகள் இவற்றின் கணினிகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். கோளாறு என்று வந்துவிட்டால் பெரிய சர்வருக்கும் பலகாரக் கடைப் பெட்டிக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. சர்வர் நின்றால் முகம் தெரியாத ஆயிரம் பேர் எங்கோ கோபப்படுவார்கள். இங்கே அரைக்கிலோ சீப்புச் சீடைக்காக நிற்கும் ஒருவர் என் முகத்தைப் பார்த்தே கோபப்படுவார்.

தீபாவளிக்கு முன்னால் நடந்தது இது. பில் போடும் பையன் பட்டனைத் தட்டுவான். அரை வினாடியில் பிரிண்டர் கிறீச்சிட்டுச் சீட்டைத் துப்ப வேண்டும். பெரும்பாலும் துப்பும். எப்போதாவது திரை அப்படியே உறைந்து, இரண்டு மூன்று வினாடி கழித்து, ஒன்றும் நடக்காததுபோல வேலையைத் தொடரும். வேறு நாளில் யாரும் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். திண்ணை நிறையக் கூட்டம் நிற்கும்போது அந்த மூன்று வினாடி நீளமானது.

நான் செய்த வைத்தியத்தை வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலில் யுபிஎஸ் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். காரைக்குடிக்காரனுக்கு எதற்கெடுத்தாலும் பேட்டரியைச் சந்தேகப்படுவது பரம்பரைப் பழக்கம்போலும். வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊர் அல்லவா. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. அடுத்து வைரஸ் தடுப்பு மென்பொருள், அடுத்து பிரிண்டர் கேபிள். கடைசியில் பொறுமை போய், பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்த எல்லாவற்றையும், சுழலும் தட்டில்லாமல் சில்லுகளில் சேமிக்கும் ஒரு புதிய எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். உறைவது அன்றோடு நின்றது. தீபாவளிக் கூட்டம் முழுவதும் பிரிண்டர் தங்குதடையில்லாமல் சீட்டைத் துப்பியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எது நின்றது, ஏன் நின்றது, எஸ்எஸ்டி வந்ததும் ஏன் சரியானது என்ற மூன்றில் ஒன்றுக்கும் எனக்கு விடை தெரியாது. மருந்து பலித்துவிட்டால் நோயின் பெயரைக் கேட்க யாருக்கும் மனம் வருவதில்லை, வைத்தியனுக்கும்கூட.

பழைய டிஸ்கைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. நல்ல டிஸ்க், இன்னும் சில வருடம் உழைக்கும். அதைப் பெட்டிக்குள்ளேயே விட்டு, ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு நகல் அதில் போய்ச் சேரும்படி செய்துவிட்டு வந்தேன். எஸ்எஸ்டி ஒரு நாள் செத்தால் கணக்குப் பிழைக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

கார்த்திகை பிறந்தது. கூட்டம் வடிந்தது. அப்போதுதான் அந்தத் தொலைபேசி வந்தது.

போய்ப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில் ஒரு முறை கண்ணெதிரிலேயே உறைந்தது. கணினியின் மூளையான சிபியுவின் வேலைப்பளுவைக் காட்டும் வரைபடம் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அந்த நொடியில் இயந்திரம் ஒரு வேலையும் செய்யவில்லை, எதற்காகவோ காத்திருந்தது. இந்தத் தொழிலில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டிய இரண்டு இவை. உழைப்பதால் தாமதமென்றால் உழைப்பவனை, ஓடும் நிரல்களின் பட்டியலில் பார்த்துவிடலாம். காத்திருப்பதால் தாமதமென்றால் பட்டியலில் யாருமே இருக்க மாட்டார்கள்.

அதனால் ஒரு சிறிய நிரல் எழுதினேன். பத்து வினாடிக்கு ஒரு முறை விழித்து, நேரத்தையும் இரண்டு டிஸ்குகளும் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டன என்பதையும் ஒரு கோப்பில் குறித்துவைக்கும். எஸ்எஸ்டியில் குப்பை சேர்க்க வேண்டாம் என்று அந்தக் கோப்பைப் பழைய டிஸ்கில் வைத்தேன். இந்த வாக்கியத்தைப் படிக்கும்போதே உங்களில் சிலர் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். நான் அடித்துக்கொள்ள இன்னும் ஒரு வாரம் ஆனது.

மூன்று நாள் ஒரு முறைகூட உறையவில்லை. என் கோப்பில் ஆயிரக்கணக்கான வரிகள், எல்லாம் சுத்தம். சரி, தானாக வந்தது தானாகப் போனது என்று நிரலை எடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் கடையைத் திறந்து முதல் பில் போட்டதுமே உறைந்தது.

"நீ பார்த்துக்கொண்டிருந்தால் ஒழுங்காக நடக்கிறது. நீ போனதும் படுத்துவிடுகிறது. பொட்டலம் கட்டுகிற பையன்கள் மாதிரிதான்" என்றார் ஆச்சி. நான் சிரித்தேன். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவ்வப்போது வந்துபோகும் கோளாறைக் கண்டு பயப்படுகிறவர்கள் அதிகம். எனக்கென்னவோ நிரந்தரமாகக் கெட்டுப்போன இயந்திரத்தைவிட அதுதான் பிடிக்கும். அது வரும் இடைவெளியிலேயே தன் முகவரியை எழுதிவிட்டுப் போகும். விண்டோஸ் 95 இயங்கும் ஒரு கணினியை அணைக்காமல் விட்டால் 49.7 நாளில் உறைந்துபோகலாம் என்பது பிற்பாடு தெரியவந்தது. ஒரு நாளில் இருக்கும் மில்லி வினாடிகளால் 4,294,967,296ஐ வகுத்துப் பாருங்கள், அதே 49.7 வரும். முப்பத்திரண்டு பிட் எண்ணில், அதாவது 0, 1 மட்டுமே கொண்ட முப்பத்திரண்டு இலக்கத்தில், எண்ண முடிந்தது அவ்வளவுதான், அதற்குமேல் எண்ணி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். 2015இல் போயிங் 787 விமானங்களுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை உத்தரவு போட்டது. தொடர்ந்து 248 நாள் மின்சாரம் துண்டிக்கப்படாமல் இருந்தால் ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் கருவிகள் ஒரே நேரத்தில் பாதுகாப்பு நிலைக்குப் போய் மின்சாரம் நின்றுவிடக்கூடும் என்பதால். 248 நாளை வினாடியின் நூற்றில் ஒரு பங்காக எண்ணிப் பாருங்கள், அதுவும் முப்பத்தொரு பிட்டின் விளிம்பில் போய் நிற்கும்.

சின்னத் தாமதங்களும் இப்படித்தான். லினக்ஸ் இயந்திரம் ஒன்று சரியாக ஐந்து வினாடி திகைத்தால் நான் முதலில் இணையப் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் சர்வரைத்தான் பார்ப்பேன். பதில் வராவிட்டால் ஐந்து வினாடி காத்திருந்து மறுபடி கேட்பது அங்கே வழக்கமான அமைப்பு. ஒன்று, இரண்டு, நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் தாமதம் என்றால் வலையில் எங்கோ தரவுப் பொட்டலங்கள் தொலைகின்றன. ஐந்தும் இருபதும் முப்பதும் இயற்கையில் தானாக வருவதில்லை. யாரோ ஒரு பொறியாளர் தன் மேசையில் உட்கார்ந்து தட்டச்சு செய்த எண்கள் அவை.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அதைத்தான் நான் ஆச்சி கடையில் தவறவிட்டேன். இடைவெளியை எந்தக் கடிகாரத்தில் அளப்பது? சுவர்க் கடிகாரத்தில் ஓடும் கோளாறு உண்டு, இத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை என்று. வேலையை எண்ணும் கோளாறும் உண்டு, இத்தனை பில்லுக்கு ஒரு முறை என்று. கடைசியாக வேலை செய்து எவ்வளவு நேரமாயிற்று என்று சும்மா இருந்த நேரத்தை மட்டும் எண்ணும் கோளாறும் உண்டு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மற்ற இரண்டையும் அளந்தால் வெறும் குழப்பம்தான் கிடைக்கும். 'எப்போது பார்த்தாலும் நிற்கிறது', 'திடீர் திடீரென்று நிற்கிறது' என்று வாடிக்கையாளர்கள் சொல்வது அந்தக் குழப்பத்தைத்தான்.

கடைக்கு மறுபடி போனேன். "எப்போதெல்லாம் நிற்கிறது என்று குறித்துவைக்க முடியுமா ஆச்சி?" என்று தயங்கித்தான் கேட்டேன். வயதானவரிடம் வேலை வைக்கிறோமே என்று.

"குறித்துத்தானே வைத்திருக்கிறேன்" என்றார்.

கல்லாவுக்கு அடியிலிருந்து சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வந்தது. பழைய பேரேட்டு நோட்டு. மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே 'நின்றது கணக்கு' என்று தலைப்பு. பென்சிலால் ஸ்கேல் வைத்துப் போட்ட நான்கு பத்திகள்: தேதி, மணி, பில் எண், முருகா. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பிருந்து எழுதியிருந்தார். மொத்தம் நாற்பத்தாறு வரிகள். இத்தனை நாளும் எனக்கு இரண்டடி தூரத்தில் இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை. வைத்தியர் நாடியைப் பிடித்தபிறகு நோயாளி எதற்குப் பேச வேண்டும் என்று நினைத்தாராம்.

"முருகா என்றால்?"

"திரை நின்றதும் முருகா முருகா என்று சொல்ல ஆரம்பிப்பேன். சீட்டு வந்ததும் நிறுத்துவேன். எத்தனை என்று எழுதுவேன்."

பழனிக்குப் பாதயாத்திரையாகப் பலமுறை நடந்தவர். அவருடைய முருகாவில் வேகம் மாறாது. என் கைபேசியை வைத்து அளந்து பார்த்தேன். பத்து முருகாவுக்கு ஒன்பது வினாடி. மூன்று முறை அளந்தும் ஒன்பதுதான். இதைவிட ஒழுங்கில்லாத அளவுகோல்களைச் சென்னையில் கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

நோட்டை வீட்டுக்குக் கேட்டேன், தரவில்லை. கணக்கு நோட்டு கடையை விட்டுப் போகாதாம். அங்கேயே, வளவில் ஒரு தேக்குத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து படித்தேன்.

கடைசிப் பத்தியைப் பார்த்ததுமே ஒன்று புரிந்தது. தீபாவளிக்கு முன்னால் ஏறக்குறைய எல்லாம் முருகா 3, முருகா 3, எப்போதாவது 2. பின்னால் ஏறக்குறைய எல்லாம் முருகா 10. வந்தது பழைய நோய் இல்லை. இரண்டுக்கும் 'நிற்கிறது' என்ற ஒரே பெயரை வைத்தது நாங்கள்தான்.

பிறகு மூன்றாவது பத்தி. முதல் பகுதியில் 6212, 6255, 6299, 6341, 6385. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 43, 44, 42, 44. மணிப் பத்தியில் இந்த ஒழுங்கு துளியும் இல்லை. ஓரிடத்தில் இருபத்தைந்து நிமிட இடைவெளி, இன்னோரிடத்தில் இரண்டு மணி நேரம். கூட்டம் இருந்தால் அடிக்கடி, இல்லாவிட்டால் அரிதாக. பில்களை எண்ணுகிற ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது.

அது எது என்று வீட்டில் ஒரு பழைய டிஸ்கில் அதே மென்பொருளை ஏற்றி, இருநூறு பொய் பில் போட்டுக் கண்டுபிடித்தேன். மென்பொருள் தன் கணக்கை எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் வைத்திருந்தது. புதிய பதிவுகளை நேராகப் பேரேட்டில் எழுதாமல் முதலில் பக்கத்தில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் முறை ஒன்று அதில் உண்டு. 2010இல் சேர்த்தது. அந்தக் குறிப்பேட்டுக் கோப்பின் பெயர் கடைசியில் டபிள்யூ, ஏ, எல் என்று முடியும். தமிழில் படித்தால் வால். ஒவ்வொரு பில்லும் வாலைக் கொஞ்சம் நீட்டும். என் சோதனையில் ஒரு பில்லுக்கு இருபத்துமூன்று பக்கம் அளவுக்கு. ஆயிரம் பக்கம் சேர்ந்ததும், ஏறக்குறைய நான்கு மெகாபைட், எல்லாவற்றையும் பேரேட்டில் அந்தந்த இடத்தில் பதிந்துவிட வேண்டும் என்பது வழக்கமான ஏற்பாடு. ஆயிரத்தை இருபத்துமூன்றால் வகுத்தால் நாற்பத்துமூன்று சொச்சம்.

இதில் குற்றம் எதுவும் இல்லை, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பதிவு வேலையைச் செய்வது யார் என்றால், ஆயிரத்தைத் தாண்டவைத்த அந்தக் கடைசி பில். முன்னால் வந்த நாற்பத்திரண்டு பேரும் கைவீசிப் போய்விட, நாற்பத்துமூன்றாவது ஆள் எல்லோருடைய சுமையையும் இறக்கிவைக்க வேண்டும். பழைய டிஸ்கில் எழுதுமுள் அங்கும் இங்கும் ஓடி இதை முடிக்க இரண்டு மூன்று வினாடி ஆயிற்று. எஸ்எஸ்டியில் ஓட முள்ளே கிடையாது. இன்றைக்கும் நாற்பத்துமூன்று பில்லுக்கு ஒரு முறை ஆச்சி கடையில் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு 'மு' சொல்வதற்குள் முடிந்துவிடுகிறது.

இனி பத்து முருகா.

பின்பகுதி வரிகளில் பில் எண்களைக் கழித்தால் 7, 19, 4, 31 என்று தலையும் காலும் இல்லாமல் வந்தது. மணிப் பத்தியில் பிற்பகல் இரண்டிலிருந்து நான்குக்குள் பல வரிகள், கடை திறந்ததும் சில. ஒரு சனிக்கிழமை, கானாடுகாத்தான் வீடுகளைப் பார்த்துவிட்டு ஒரு சுற்றுலா பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கிய நாளில், ஒன்றுகூட இல்லை. ஆச்சியிடம் அதைக் காட்டினேன்.

"ஆமாம், சும்மா இருந்துவிட்டுப் போட்டால்தான் நிற்கும். அடுப்பை அணைத்துவிட்டால் எண்ணெய் மறுபடியும் காயத்தானே வேண்டும்?" என்றார், இதைப் போய் நோட்டில் தேடுகிறாயே என்ற குரலில்.

பில் மென்பொருளில் இருந்த நேரங்களை எடுத்து ஒவ்வொரு வரியோடும் ஒத்துப் பார்த்தேன். ஒரே ஒரு வரியைத் தவிர, நின்ற பில்லுக்கும் அதற்கு முந்தைய பில்லுக்கும் இடையே எப்போதும் இருபது நிமிடத்துக்கு மேல். அவற்றில் மிகக் குறைந்தது இருபத்தொன்றரை நிமிடம். இருபது என்ற எண்ணைப் பார்த்ததும் என் காது சூடானது. ஹார்ட் டிஸ்க் இருபது நிமிடம் சும்மா இருந்தால் அதன் சுழற்சியை நிறுத்து என்பது அந்தக் கணினியில் மின்சாரச் சிக்கனத்துக்காக இருந்த ஏற்பாடு. பழைய டிஸ்கே முழுக் கணினியையும் தாங்கிய காலத்தில் அதற்குச் சும்மா இருக்கும் வாய்ப்பே வரவில்லை. எஸ்எஸ்டியை வைத்து அதை வெறும் நகல் காப்பவனாக ஒதுக்கியவன் நான். பத்து வினாடிக்கு ஒரு முறை அதன் விலாவில் குத்தி மூன்று நாள் தூங்கவிடாமல் வைத்திருந்ததும் என் நிரல்தான்.

ஊகம் போதாது என்று அன்று பிற்பகல் ஒரு சோதனை வைத்தோம். இரண்டே முக்காலுக்கு ஒரு பில் போட்டுவிட்டு, வருகிறவர்களுக்குக் கையால் சீட்டு எழுதச் சொன்னார் ஆச்சி. பின்கட்டில் அடுப்புகள் அணைந்திருந்தன. மின்விசிறியையும் நிறுத்தினோம். வளவில் பர்மா காலத்துக் கடிகாரம் ஒன்று உண்டு, அதன் ஓசை மட்டும். நான் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். தகட்டில் மெல்லிய அதிர்வு, தூங்கும் பூனையின் முதுகில் கை வைத்ததுபோல. மூன்று மணி ஐந்து நிமிடம் தாண்டியதும் உள்ளே 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். அதிர்வு இறங்கி இறங்கி, கைக்குக் கீழே வெறும் தகரம் மிஞ்சியது.

"மூச்சை விட்டுவிட்டது" என்றார் ஆச்சி.

கால் கிலோ சீப்புச் சீடைக்கு ஒரு பில் தட்டினேன். திரை உறைந்தது. பெட்டிக்குள் ஒரு முனகல் எழுந்து, ஏறி, ஒரே சுருதியில் நிலைத்தது. எனக்குப் பக்கத்தில் மெதுவான குரலில் முருகா முருகா என்று போய்க்கொண்டிருந்தது. பத்தாவது முருகாவில் பிரிண்டர் கிறீச்சிட்டது.

சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டிஸ்கை எப்போதும் சுழலவிடலாம், அது எளிது. ஆனால் ராத்திரி பகலாக அது சுற்றித் தேய்வானேன் என்று, நகலெடுக்கும் வேலையைக் கடை அடைக்கும் நேரத்துக்கு ஒரே தடவையாக மாற்றினேன். பகலில் நன்றாகத் தூங்கட்டும், யாருக்கும் தொந்தரவு இல்லை. ஒரு பகல் கணக்கு எஸ்எஸ்டியை மட்டும் நம்பியிருக்கும் என்பதை ஆச்சியிடம் சொன்னேன். சீட்டின் இன்னொரு பிரதி எப்படியும் கம்பியில் குத்திவைத்திருக்கிறதே என்றார்.

இந்த முறை கூலி வேண்டாமென்றேன். கொடுத்தார். முதல் தடவைக் கூலியைத் திருப்பித் தரவா என்று கேட்டதற்கு, அதற்கு வட்டி எவ்வளவு என்று சிரிக்காமல் கேட்டார்.

பிறகு நோட்டைத் திறந்து, ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் காரணம் எழுதச் சொன்னார். முதல் பகுதிக்கு 'வால்', இரண்டாம் பகுதிக்கு 'தூக்கம்' என்று எழுதிக்கொண்டு வந்தேன். நாற்பத்துநான்கு வரிகளுக்கு எழுதினேன். இரண்டு வரிகள் மிஞ்சின. தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் காலை 11:40க்கு முருகா 6. நாற்பத்துமூன்றுக் கணக்கிலும் வரவில்லை, சும்மா இருந்த நேரமும் இல்லை. மற்றது அந்தச் சுற்றுலா பஸ் வந்ததற்கு மறுநாள், ஒரு நிமிடத்துக்கு முன்புதான் பில் போட்டிருக்கிறார்கள், முருகா 14.

யாராவது பென்டிரைவ் செருகியிருக்கலாம், ஏதாவது மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கலாம் என்றேன். "இருக்கலாம் என்று எழுத இடமில்லை" என்று சொல்லி, அந்த இரண்டு வரிகளையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு நோட்டை மூடிவிட்டார். போன வாரம் மாவுருண்டை வாங்கப் போனபோதும் அதைத்தான் கேட்டார், கணக்கு இரண்டு வரி இடிக்கிறதே தம்பி என்று.